மாற்றுக் கட்சி நண்பர்



தமிழ்நாட்டின் சலூன்களிலும் டீக்கடைகளிலும் ஒரு காலத்தில் தவறாமல் தொங்கிய பலகை ஒன்று உண்டு: ‘இங்கு அரசியல் பேசக் கூடாது.’ இன்றும் பல ஊர்களில் அது இருக்கிறது. அதை எழுதி மாட்டிய கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பேச்சு முற்றிக் கைகலப்பானால் உடைவது அவருடைய நாற்காலி. இரண்டு கட்சிக்காரர்களும் அவருக்கு வாடிக்கையாளர்கள். அதே பலகை இப்போது வாட்ஸ்அப் குரூப்புகளுக்கும் வந்துவிட்டது. பள்ளித் தோழர்கள், சொந்தக்காரர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் என்று எந்த குரூப்பில் சேர்ந்தாலும் அட்மின் முதலில் போடும் விதிகளில் இதுவும் ஒன்று. தேர்தல் தேதி அறிவித்ததும் இன்னொரு முறை நினைவூட்டுவார்.

நண்பர்களுக்குள் அரசியல் பேசினால் நட்புதான் கெடும், யாருடைய ஓட்டும் மாறப் போவதில்லை என்ற எண்ணம் இந்த விதிக்குப் பின்னால் இருக்கிறது. நட்பு கெடும் என்பது சில நேரங்களில் உண்மை. ஓட்டு மாறாது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நம்மோடு கருத்து மாறுபடும் நண்பர், சக ஊழியர், பக்கத்து வீட்டுக்காரர் நம்முடைய வாக்கை என்ன செய்கிறார்? இந்தக் கேள்வியை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பகுதி ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. ஆகவே அங்கே தொடங்கி நம் ஊருக்கு வருகிறேன்.

1940ஆம் ஆண்டு. அமெரிக்க அதிபர் பதவிக்கு ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாவது முறையாகப் போட்டியிடுகிறார். எதிரே குடியரசுக் கட்சியின் வெண்டல் வில்கி. வியன்னாவில் பிறந்து, கணிதம் படித்து, பிறகு அமெரிக்காவில் குடியேறிய சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஒஹையோ மாநிலத்தில் ஈரி என்ற பெரிய ஏரியின் கரையிலிருக்கும் ஈரி கவுண்டிக்குத் தன் குழுவை அனுப்பினார். அங்கே மக்கள்தொகை சுமார் 43,000. அவர்களில் 600 பேரைத் தேர்ந்தெடுத்து, மே மாதத்திலிருந்து நவம்பர் வரை மாதம் ஒரு முறை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேள்வி கேட்டார்கள். வானொலி உரைகளும் பத்திரிகைத் தலையங்கங்களும் வாக்காளர் மனத்தை எப்படித் திருப்புகின்றன என்று அளப்பதுதான் நோக்கம்.

அளந்து பார்த்தபோது திரும்பிய மனங்கள் மிகக் குறைவாக இருந்தன. ஏறக்குறைய பாதிப் பேர் மே மாதத்திலேயே முடிவு செய்து கடைசி வரை அதிலேயே நின்றார்கள். ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்கு முழுமையாக மாறியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். அண்மையில் தேர்தலைப் பற்றி எதைக் கேட்டீர்கள், எதைப் படித்தீர்கள் என்று விசாரித்தபோது, வானொலியையும் பத்திரிகையையும்விட அதிகமானவர்கள் சொன்னது மனிதர்களோடு பேசிய பேச்சை. 1944இல் ‘மக்களின் தேர்வு’ என்ற பொருள்படும் தலைப்பில் அந்த ஆய்வு நூலாக வந்தது. பிரச்சாரத்தை அளக்கப் போன அந்த நூலில் இன்றுவரை நிலைத்திருப்பது மக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைப் பற்றிய பக்கங்கள்தான்.

அதில் ஓர் உணவகப் பணிப்பெண் வருகிறார். முதலில் வில்கி நல்லவர் என்று நினைத்தவர், பிறகு அவர் சரிப்பட மாட்டார் என்ற முடிவுக்கு வந்தார். பத்திரிகையில் கொஞ்சம் படித்ததும் உண்டு. ஆனால் உண்மையான காரணம், மேசைகளில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்கள் பலர் வில்கி வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்தது. அவரிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. அவரை மாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவுமில்லை. தட்டை வைத்துவிட்டுப் போகும்போது காதில் விழுந்த பேச்சு ஓட்டை மாற்றியது. நம் ஊர் டீக்கடையில் மாஸ்டராக நிற்பவருக்கும், பெஞ்சின் ஓரத்தில் பேப்பரைப் புரட்டிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பவருக்கும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. மேடையில் பேசுபவர் நம்மை மாற்றப் பார்க்கிறார் என்று தெரிந்து நாம் உஷாராக இருக்கிறோம். பக்கத்து மேசைக்கு எதிராக அந்த உஷார் நமக்கு இருப்பதில்லை.

வீட்டுக்குள் மாறுபாடு அங்கே மிக அரிதாக இருந்தது. இருவரும் வாக்களிக்க முடிவு செய்திருந்த கணவன் மனைவியரில் 22 இணைகளுக்கு ஓர் இணைதான் வேறுபட்டது. அது எப்போதும் இயல்பான ஒற்றுமைதான் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. யார் யாரைப் பின்தொடர்ந்தார் என்று அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

இனி அந்த ஆய்வின் முக்கியமான செய்திக்கு வருகிறேன். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் இழுத்தால் மனிதர் சீக்கிரம் முடிவெடுக்கிறார். தொழில் ஒரு பக்கமும் மதம் இன்னொரு பக்கமும், குடும்பம் ஒரு பக்கமும் தோழர்கள் மறு பக்கமும் இழுத்தால் முடிவு தள்ளிப் போகிறது. எதிரெதிர் அழுத்தம் என்று இதைச் சொல்லலாம். இப்படி இழுபட்டவர்கள் தேர்தலில் ஆர்வம் குறைந்து, கடைசி நாட்களில்தான் முடிவெடுத்தார்கள். சிலர் சாவடிக்கே போகவில்லை. கடைசி நேரம் வரை யோசிப்பவர்தான் எல்லாவற்றையும் அலசி ஆராய்பவர் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை, பெரும்பாலும் அவர் இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ள முடியாமல் திண்டாடுபவர் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் எண்களை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் திண்டாட்டத்தை அவர்கள் பலவீனமாக மட்டும் பார்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மறு பக்கத்தில் இருப்பவர் தனக்கு வேண்டியவர் என்பதால் ஒருவர் தயங்குகிறார் என்றால், அந்தத் தயக்கத்தில் ஒரு நேர்மையும் இருக்கிறது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1948 தேர்தலில், நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற நகரில் அதே குழுவினர் அடுத்த ஆய்வைச் செய்தார்கள். ட்ரூமனும் டூயியும் போட்டியிட்ட தேர்தல் அது. இந்த முறை ஒவ்வொருவரிடமும் அவருடைய நெருங்கிய நண்பர்கள் மூவரைப் பற்றிக் கேட்டார்கள்: அவர்கள் யாருக்கு வாக்களிப்பார்கள்? மூன்று நண்பர்களும் ஒரே கட்சி என்றால் அவர் உறுதியாக நின்றார். மூவரும் கலந்து இருந்தால் உறுதி குறைந்தது. இதுவரை எதிர்பார்க்கக்கூடியதுதான்.

எதிர்பாராதது ஒன்று இருந்தது. எல்மைரா பரம்பரையாகக் குடியரசுக் கட்சியின் கோட்டை. அந்த ஊரில் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நண்பர் வட்டம் கலவையானது. ஒருவர் குடியரசுக் கட்சி ஆதரவாளர், மற்றவர் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர். நண்பர்களுக்குள் பிளவு இருக்கும்போது இருவரும் ஒரே அளவு தடுமாற வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. ஊர்ப் பெரும்பான்மையோடு இருந்தவர் பெரும்பாலும் நிலைத்தார். சிறுபான்மைக் கட்சிக்காரர் ஊர்ப் பக்கம் சரிந்தார். நெருங்கிய வட்டம் உடைந்ததும், அந்த உடைப்பின் வழியாக ஊர் உள்ளே வந்தது. நண்பர்கள் மூன்று பேரோடு முடியும் பேச்சு அல்ல இது. ரேஷன் கடை வரிசையிலும் பேருந்து நிறுத்தத்திலும் பிள்ளைகளைப் பள்ளியில் விடும் இடத்திலும் தற்செயலாகச் சந்திக்கும் அறிமுகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, சம பலத்தில் நடக்கும் விவாதம் என்று ஒன்று அங்கே இல்லை.

இதை இன்னும் கூர்மையாக்கியவர் ராபர்ட் ஹக்ஃபெல்ட் என்ற அரசியல் ஆய்வாளர். 1984இல் ரேகனும் மாண்டேலும் மோதிய தேர்தலின்போது அவரும் ஜான் ஸ்ப்ரேக் என்பவரும் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் 16 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு சுமார் 1,500 பேரைச் சந்தித்தார்கள். அவர்கள் யாரோடு அரசியல் பேசுகிறார்கள் என்று பெயர் கேட்டு, அந்த நண்பர்களில் பலரையும் தேடிப் போய்ப் பேசினார்கள். வாக்காளர் தன் நண்பரைப் பற்றிச் சொன்னதையும், நண்பர் தன்னைப் பற்றித் தானே சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நண்பரின் விருப்பத்தைத் தவறாகச் சொன்னவர்கள் கணிசமாக இருந்தார்கள். அந்தத் தவறுக்கு ஒரு திசையும் இருந்தது: நண்பரும் தன்னைப் போலத்தான் என்று நினைத்துக்கொள்வது. தன் பகுதியில் சிறுபான்மையாக இருந்த நண்பரின் நிலைதான் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது. நமக்குத் தெரிந்த மாற்றுக் கட்சி நண்பர்களின் எண்ணிக்கை, உண்மையில் நமக்கு இருக்கும் மாற்றுக் கட்சி நண்பர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு. எண்ணிப் பாருங்கள். உங்கள் பத்து நண்பர்களில் யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

ஹக்ஃபெல்ட் குழுவினர் 1996 தேர்தலில் இண்டியானாபொலிஸ், செயின்ட் லூயிஸ் நகரங்களிலும் இந்த ஆய்வைத் தொடர்ந்து, 2004இல் கருத்து மாறுபாட்டைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்கள். நான் இன்று உங்களிடம் சொல்ல வந்ததன் மையம் அதில் இருக்கிறது. நானும் என் நண்பரும் அரசியலில் மாறுபடுகிறோம். அவர் என்னை மாற்றுவாரா? அது எங்கள் இருவருக்குள் நடக்கும் வாதத்தைப் பார்த்தால் தெரியாது. என்னுடைய மற்ற நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். என்னைப் போல நினைக்கும் இன்னொருவர் என் வட்டத்தில் இருந்தால், மாறுபடும் நண்பரோடு நான் தயங்காமல் பேசுவேன், அவர் சொல்வதைக் கேட்பேன், ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்வேன், என் நிலையிலும் நிற்பேன். அப்படி ஒருவரும் இல்லை, என் வட்டம் முழுக்க மறு பக்கம் என்றால், அந்த நண்பர் எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அதன் பாரம் பல மடங்காக என் மேல் விழும். கருத்து மாறுபாடு உயிரோடு இருப்பதற்குத் துணை வேண்டும்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த புகழ்பெற்ற சோதனையும் இதையே சொல்கிறது. சில கோடுகளைக் காட்டி எது எதற்குச் சம நீளம் என்று கேட்டார். விடை கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும், முன்பே சொல்லி வைக்கப்பட்டவர்கள், ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். உண்மையான சோதனை ஆள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு முறை அவர்களோடு சேர்ந்து தவறாகச் சொன்னார். பிறகு ஆஷ் ஒரே ஒரு மாற்றம் செய்தார். கூட்டத்தில் ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தார். தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. அறையில் மற்ற எல்லாரும் பழையபடி எதிர்ப்பக்கம்தான் இருந்தார்கள். துணைக்கு ஒரு குரல் வந்தது, அவ்வளவுதான்.

கோடுகளின் நீளத்துக்கே இந்த நிலை என்றால், யார் நல்லவர், எந்தக் கட்சி நம் தெருவுக்கு எதைச் செய்தது, எந்தச் சாதிக்கு யார் துரோகம் செய்தார் என்ற பேச்சில் தனியாள் எங்கே நிற்பார்?

தனியாக நிற்பவர் பலமுறை மாறுவதில்லை, பேசுவதை நிறுத்திவிடுகிறார். மேற்கு ஜெர்மனியில் அலென்ஸ்பாக் நிறுவனத்தில் கருத்துக்கணிப்பு நடத்திய எலிசபெத் நோயல் நாய்மன் 1974இல் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார். 1965 தேர்தலில் இரு பெரிய கட்சிகளின் ஆதரவும் மாதக் கணக்கில் சமமாக இருந்தது. ஆனால் யார் ஜெயிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒரு பக்கமாக ஏறிக்கொண்டே போனது. கடைசியில் வாக்கும் அந்தப் பக்கம் சாய்ந்தது. தன் பக்கம் தோற்கிறது என்று நினைப்பவர் வாயை மூடுகிறார்; அவர் மூடியதால் அந்தப் பக்கம் இன்னும் பலவீனமாகத் தெரிகிறது; அதைப் பார்த்து அடுத்தவரும் மூடுகிறார். இதைச் சோதிக்க அவர் கேட்ட கேள்வி நமக்கு மிகவும் பழக்கமான காட்சி: ஐந்து மணி நேர ரயில் பயணம். எதிரே இருப்பவர் ஓர் அரசியல் விஷயத்தைப் பற்றிப் பேச்செடுக்கிறார். நீங்கள் பேச்சில் கலந்துகொள்வீர்களா, மாட்டீர்களா? அவருடைய நாஜிக் கால எழுத்துகளுக்காக அவர் மீது கடும் விமர்சனம் உண்டு. கோட்பாடு சொன்ன அளவுக்கு விளைவு பெரிதல்ல என்றும் பின்வந்தவர்கள் காட்டினார்கள். இன்னொன்றையும் கண்டார்கள். இந்த மௌனம் முன்பின் தெரியாதவர்களிடத்தில் இருப்பதைவிட, குடும்பத்தார், நண்பர், அக்கம்பக்கத்தார் நடுவே வலுவாக இருக்கிறது. ரயிலில் எதிரே இருப்பவர் விழுப்புரத்தில் இறங்கிப் போய்விடுவார். மாமாவும் சித்தப்பாவும் எங்கே இறங்குவார்கள்?

டயானா மட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 2006இல் எழுதிய நூல் பலரைச் சங்கடப்படுத்தியது. மறு பக்கத்தின் பேச்சைக் கேட்கும் வாய்ப்புள்ளவர்கள் சகிப்புத்தன்மை அதிகம் உடையவர்கள், எதிர்த் தரப்பின் காரணங்களை எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள். ஆனால் அவர்களே தேர்தல் வேலைகளில் குறைவாக ஈடுபடுகிறார்கள், வாக்களிப்பதிலும் பின்தங்குகிறார்கள். உற்சாகமாகக் கொடி பிடிப்பவர்களோ தங்களைப் போன்றவர்கள் நடுவிலேயே வாழ்பவர்கள். மாறுபாடு எங்கே அதிகம் பேசப்படுகிறது என்று தேடினால் வீடும் அல்ல, கோயிலும் அல்ல, சங்கமும் அல்ல: வேலை செய்யும் இடம். சக ஊழியரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பதே காரணம். அதோடு, அதிகம் படித்தவர்கள் அரசியல் அதிகம் பேசினாலும் தங்கள் கட்சிக்காரர்களோடுதான் பேசுகிறார்கள். மறு பக்கத்தின் குரலைக் கூடுதலாகக் கேட்பவர்கள் ஏழைகளும் குறைவாகப் படித்தவர்களும். இந்த அரங்கில் படித்தவர்கள் நிறைய இருக்கிறீர்கள். ஓட்டைக் காசுக்கு விற்கிறார்கள், விவரம் தெரியாதவர்கள் என்று ஏழை வாக்காளரைப் பற்றிச் சொல்வதற்கு முன், நம்மில் யார் மறு பக்கத்தை அதிகம் கேட்கிறோம் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாவடிக்குப் போக வைப்பதில் நண்பர்களின் செல்வாக்கு ஐயத்துக்கு இடமில்லாதது. 2010 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் நாளன்று ஃபேஸ்புக்கில் 6 கோடியே 10 லட்சம் பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ‘இன்று தேர்தல்’ என்ற செய்தியோடு, வாக்களித்துவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் முகங்களையும் காட்டினார்கள். சுமார் 3,40,000 பேர் கூடுதலாக வாக்களித்தார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் செய்தியைப் பார்த்து நேரடியாகப் போனவர்கள் அல்ல. நெருங்கிய நண்பர் போனதால் போனவர்கள். 2006இல் மிச்சிகன் மாநிலத்தில், நீங்களும் உங்கள் தெருக்காரர்களும் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தீர்களா இல்லையா என்ற பட்டியலையே வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வாக்குப்பதிவு எட்டு விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. அக்கம்பக்கத்தின் கண் எவ்வளவு வலியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வாக்களித்தாரா என்பதை ஊர் பார்ப்பதற்கே இத்தனை விளைவு என்றால், யாருக்கு வாக்களித்தார் என்பதை ஊர் பார்க்க முடிந்தால் என்ன ஆகும்?

அதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1872 வரை வாக்காளர் எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லித்தான் வாக்களித்தார். யார் யாருக்குப் போட்டார் என்பதைப் புத்தகமாகவே அச்சிட்டு விற்றார்கள். குத்தகைக்காரர் பண்ணையாரின் முகத்தைப் பார்த்து வாக்களித்தார். ஆஸ்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856இல் ரகசிய வாக்குச் சீட்டைக் கொண்டுவந்தன. இங்கிலாந்து அதைப் பின்பற்றியது. ரகசிய வாக்கு பண்ணையாரிடமிருந்து மட்டும் நம்மைக் காக்கவில்லை. நண்பரிடமிருந்தும் காக்கிறது. நண்பர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்த மனிதர், திரைக்குப் பின்னால் தன் மனம் சொன்னபடி செய்துவிட்டு, திரும்பி வந்து அதே நண்பரோடு டீ குடிக்க முடிகிறது. இதைக் கோழைத்தனம் என்று நான் கருதவில்லை. கருத்து வேறாக இருந்தும் உறவு முறியாமல் இருப்பதற்குச் சட்டம் தந்த இடம் அது.

நம் நாட்டில் முதல் பொதுத்தேர்தல் முதலே வாக்கு ரகசியம். 1951–52இல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்து, மறைவில் சீட்டைப் போடச் செய்தார்கள். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், யாருக்கு வாக்களித்தார் என்று சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. ஆனாலும் ஓர் ஓட்டை நெடுங்காலம் இருந்தது. 49ஓ என்ற தேர்தல் விதி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்பவர் அதைச் சாவடி அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் எழுத வைத்துக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பூத் ஏஜென்டுகள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் இதைச் செய்ய எத்தனை பேருக்குத் துணிவு வரும்? 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, இது வாக்கின் ரகசியத்தைக் குலைக்கிறது என்று சொல்லி, இயந்திரத்திலேயே ‘நோட்டா’ பொத்தானை வைக்க உத்தரவிட்டது. நோட்டாவால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாரோடும் மாறுபடுபவருக்கும் மறைவு உரிமை என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. எனக்கு அதுவே பெரிய பயன்.

இன்னொரு ஓட்டை இன்னும் அடைபடவில்லை. காகிதச் சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண விதிகளில் இடம் இருந்தது. மின்னணு இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடியும் தனித்தனியாக எண்ணப்படுகிறது. படிவம் 20இல் சாவடி வாரியாக முடிவு வெளியாகிறது. ஒரு சாவடிக்கு ஆயிரம் பேருக்குச் சற்று மேல். நம் ஊர்களில் அது இரண்டு மூன்று தெருக்கள். சில இடங்களில் ஒரே சாதியின் குடியிருப்பு, ஒரு காலனி, ஒரு மீனவர் குப்பம். தனியாளின் வாக்கு ரகசியமாக இருக்கிறது, ஆனால் தெருவின் வாக்கு அம்பலமாகிறது. நம் தெருவில் மாற்றுக் கட்சிக்கு விழுந்த நாற்பது ஓட்டு யாருடையது என்று தேடத் தொடங்கினால், முதலில் சந்தேகிக்கப்படுபவர் டீக்கடையில் மாறுபட்டுப் பேசியவர்தான். அடுத்த தேர்தலில் அவர் பேச மாட்டார். பல சாவடிகளின் எண்ணிக்கையைச் சேர்த்து மொத்தமாகக் காட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. முறைகேட்டைக் கண்டுபிடிக்க சாவடி வாரிக் கணக்கு உதவும் என்ற எதிர்வாதம் வெறும் சாக்கு அல்ல, அதிலும் பொருள் இருக்கிறது. என்றாலும் நான் கலந்து எண்ணுவதன் பக்கம். மேற்பார்வைக்குத் தேவையான கணக்கை ஆணையம் வைத்துக்கொள்ளட்டும். ஊர் முழுக்க ஒட்டிப் பார்க்கும் கணக்காக அது இருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் கட்சி மாறுபாடு நட்புக்குள் புழங்கியதற்கு நல்ல காலங்களும் இருந்தன. 1967 தேர்தலை நினைத்துப் பாருங்கள். திராவிட முன்னேற்றக் கழகம் 174 தொகுதிகளில் நின்று ஆட்சியைப் பிடித்தது. ஆனால் மாநில அளவில் காங்கிரஸ் வாங்கிய வாக்குக்கும் கழகம் வாங்கிய வாக்குக்கும் அரை விழுக்காடுகூட வித்தியாசம் இல்லை. காங்கிரஸ்தான் சற்று முன்னால் இருந்தது. பெரும்பாலான தெருக்களிலும் குடும்பங்களிலும் இரண்டு கொடியும் இருந்திருக்க வேண்டும். படிப்பகங்களிலும் சலூன்களிலும் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, கேட்டவர்கள் இரண்டு கட்சியாகவும் இருந்தார்கள்.

அதே தேர்தலில் ராஜாஜி கழகக் கூட்டணியில் இருந்தார். பெரியார் காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்டார். இருவரும் 1920களின் தொடக்கத்தில் ஒரே காங்கிரசில் தோளோடு தோள் நின்றவர்கள். 1925இல் பெரியார் வெளியேறினார். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்ததற்காக அவரைச் சிறைக்கு அனுப்பியது ராஜாஜியின் அரசு. 1953இல் ராஜாஜியின் கல்வித் திட்டத்தை எதிர்த்து முன்னணியில் நின்றவர் பெரியார். அரை நூற்றாண்டில் அவர்கள் ஒரே பக்கம் நின்ற நாட்கள் குறைவு. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்ணீர் விட்டார். இந்த நிகழ்ச்சியை நாம் அடிக்கடி பெருமையாகச் சொல்கிறோம். அதைச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். அவர்கள் நட்பைக் காப்பதற்காக அரசியல் பேசாமல் இருக்கவில்லை. ஊரறிய, கடுமையாக, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் எதிர்த்துப் பேசினார்கள். இருவருக்கும் பின்னால் துணைக்கு ஆட்கள் இருந்தார்கள். இருவரும் தனியாள் இல்லை. அதனால் ஒருவர் குரல் மற்றவர் குரலை விழுங்கவில்லை.

இந்த வசதி நம் வட்டங்களில் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. உங்கள் அலுவலகத்தில், உங்கள் குடும்ப குரூப்பில், உங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஒருவர் இருப்பார். எல்லாரும் ஒரு தலைவரைப் புகழும்போது அவர் பேச்சை மாற்றுவார், அல்லது செல்போனைப் பார்ப்பார். ஒன்பது பேர் ஒன்று சேர்ந்து அவரைக் கிண்டல் செய்வது சுலபம். அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார். அன்றைக்குப் பேச்சில் ஒன்பது பேரும் ஜெயிப்பார்கள். அவர் வாக்கு ஒன்று மாறியிருக்கும், அல்லது தேர்தல் நாளில் வீட்டிலேயே இருந்துவிடும். அதிலும் மோசமாக, அந்த ஒன்பது பேரும் தங்களுக்கு எதிர்க்கருத்தே ஊரில் இல்லை என்று நம்பத் தொடங்கியிருப்பார்கள். முடிவு வந்த அன்று, இவர்களுக்கு யார்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று வியப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்பது பேர்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இரண்டு. சாவடி வாரியாக முடிவை வெளியிடும் முறை பற்றி உங்கள் தொகுதிக்கு வரும் வேட்பாளர்கள் எல்லாரிடமும், எந்தக் கட்சியானாலும், கேள்வி கேளுங்கள். இது எந்த ஒரு கட்சிக்கும் எதிரான கோரிக்கை அல்ல. மற்றொன்று அதைவிடச் சின்னது, அதைவிடக் கடினமானது. அடுத்த முறை பேச்சு சூடாகும்போது, தனியாக நிற்பவர் பக்கம் ஒரு வாக்கியம் பேசுங்கள். அவர் கட்சியை நீங்கள் ஆதரிக்க வேண்டியதில்லை. ‘அவர் சொல்வதை முழுசாகக் கேட்போம்’ என்று சொன்னால் போதும். அவரிடம் யாருக்கு ஓட்டுப் போடுகிறீர்கள் என்று கேட்காதீர்கள். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருங்கள்.